கோடையில் பொரித்த குஞ்சு ஏன் வளரவில்லை?

வன்னியில் காட்டோரமாக அமைந்த ஒரு குடியிருப்புக்கு ஓர் ஆடி மாதத்தில் போயிருந்தோம். மழை கண்டு மூன்று மாதத்துக்கு மேல். சோளகக் காற்றில் முற்றத்து மண் பறந்துகொண்டிருந்தது. தகரக் கொட்டிலின் நிழலில் ஒரு பேட்டுக்கோழியும் நான்கு குஞ்சுகளும் ஒதுங்கி நின்றன. குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் என்று வீட்டுக்கார அம்மா சொன்னபோது நம்பக் கடினமாக இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு காடையின் அளவுதான். சிறகு தொங்கியிருந்தது. முதுகில் இறகு அடர்த்தியாக முளைக்காமல் தோல் தெரிந்தது.

"பதினொண்டு பொரிச்சது, ஐயா. ரெண்டைப் பருந்து கொண்டு போட்டுது. மற்றதெல்லாம் ஒவ்வொண்டாச் சுருண்டு செத்துப் போச்சு. ஊரில நான் கோழிக்கெண்டு ஒண்டும் வாங்கிப் போட்டதில்லை. அதுகள் தன்பாட்டில வளர்ந்ததுகள். இஞ்ச அரிசி போட்டும் வளருதில்லை" என்றார் அவர்.

இதே முறைப்பாட்டை வேறு பல குடியிருப்புகளிலும் கேட்டிருக்கிறோம். 1995 இலும் 2009 இலும் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுப் புறப்பட்டவர்கள் நம் வாசகர்களுள் பலர். வந்த இடத்தில் முதலில் திரும்பத் தொடங்கக்கூடிய வாழ்வாதாரம் கோழிதான். அதற்கு வயல் வேண்டாம், கிணறு வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். ஆனால் குஞ்சு நிலைக்காவிட்டால் அந்தச் சிறு முதலும் போய்விடும். ஆகவே அந்த அம்மாவின் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரில் கோழியை வளர்த்தது எது?

பழைய வளவை ஒருமுறை மனதில் கொண்டுவந்து பாருங்கள். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் எருக்கும்பி இருந்தது. கோழி விடிந்ததும் அங்கேதான் போகும். கிணற்றடியில் வாழைக்குக் கீழே ஈரமண் இருந்தது. அதில் மண்புழு இருந்தது. கிடுகுவேலியின் அடியில் கறையான் இருந்தது. மீன் வெட்டிய நாளில் குடலும் செதிலும் கிடைத்தன. எள்ளும் பயறும் அடித்த இடத்தில் சிந்திய மணி கிடந்தது. வயலில் வெட்டுக்கிளி இருந்தது. இவற்றில் எதையும் நாம் கோழித்தீன் என்று கணக்கில் வைத்ததில்லை. நாம் கையால் போட்ட ஒரு பிடி நெல்லையே தீன் என்று எண்ணியிருந்தோம். நெல் வயிற்றை நிரப்பியது. உடம்பைக் கட்டியதில் பெரும்பங்கு அந்தப் புழுவுக்கும் பூச்சிக்கும் மீன் குடலுக்கும் உரியது.

புதிய காணியில் இவை இல்லை. மாடு இல்லை, ஆகவே எருக்கும்பியும் இல்லை. தண்ணீர் அளந்து பாவிக்கப்படுவதால் ஈரமண் இல்லை. வேலி முட்கம்பி வேலி. முற்றம் சுத்தமாகக் கூட்டப்பட்ட வெறும் மணல். போதாததற்குக் கோடை. வைகாசி முதல் புரட்டாதி வரை நிலம் காய்ந்து இறுகும்போது புழுக்களும் பூச்சிகளும் ஆழத்துக்குப் போய்விடுகின்றன, பச்சைப்புல்லும் கருகிவிடுகிறது. நாம் இடம்பெயர்ந்தபோது கோழியும் இடம்பெயர்ந்ததுதான். அதன் மேய்ச்சல் நிலமும் ஊரிலேயே நின்றுவிட்டது.

இலங்கைக் கிராமங்களில் மேயவிட்டு வளர்க்கப்படும் கோழிகளின் தீன்பையைத் திறந்து, அவை உண்மையில் எதைத் தின்கின்றன என்று பார்த்த ஆய்வு ஒன்று 1993 இல் வெளியானது. உள்ளே இருந்ததில் மிகப் பெரிய பங்கு வீட்டிலிருந்து எறியப்பட்ட சோறும் தேங்காய்ப்பூவும் போன்ற மிச்சங்களே. பூச்சி புழுக்கள் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கும் இல்லாமல் போனால் குஞ்சின் நிலை என்னவாகும் என்பதை அந்த ஆடி மாத முற்றத்தில் கண்டோம்.

புரதம் செய்யும் வேலை

அரிசி, சோளம், குரக்கன் என்பவை சக்தி தருபவை. கோழி நடக்கவும் உடற்சூட்டைக் காக்கவும் அவை உதவும். தசை, இரத்தம், இறகு ஆகியவற்றை உண்டாக்குவது புரதம். இறகு பத்தில் ஒன்பது பங்கு புரதமே என்று சொல்லலாம். ஆகவேதான் புரதம் குறைந்த குஞ்சு முதலில் இறகில் அதைக் காட்டிக்கொடுக்கிறது. இறகு பிந்தி முளைக்கும், சிறகு தொங்கும், ஒன்றின் இறகை மற்றது கொத்திப் பிடுங்கும். அதன்பின் வளர்ச்சி நிற்கும். நோயை எதிர்க்கும் வலுவும் குறையும்.

பொரித்த நாளிலிருந்து எட்டு வாரம் வரை குஞ்சுத் தீனில் நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு புரதம் இருக்கவேண்டும். அரிசிக் குறுணலில் இருப்பது 7 அல்லது 8 பங்கு. ஆகவே குறுணலை மட்டும் வயிறாரத் தின்ற குஞ்சு தனக்கு வேண்டியதில் பாதியைக்கூடப் பெறுவதில்லை. இன்னும் அதிகமாகத் தின்று ஈடுசெய்யலாமே என்றால், குஞ்சின் தீன்பை மிகச் சிறியது. அதில் இடமில்லை.

வெப்பம் இந்தக் குறையை இன்னும் கூட்டுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கிறது. தீன் செரிக்கும்போதும் உடலில் சூடு உண்டாவதால், வெயில் ஏறியதும் கோழி தின்பதைக் குறைத்துக்கொள்கிறது. மாரியில் முப்பது வாய் தின்ற குஞ்சு கோடையில் இருபது வாய் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது வாயிலேயே முப்பது வாயின் புரதம் இருக்கவேண்டும்.

அப்படியானால் கருவாட்டை அள்ளிக் கொட்டலாமா? கூடாது. உடல் கட்டுவதற்கு மேல் மிஞ்சிய புரதம் சேமித்து வைக்கப்படுவதில்லை. உடல் அதை எரித்து, எச்சத்தில் காணப்படும் வெள்ளைப் பகுதியாக வெளியேற்றுகிறது. அந்த வேலையில் சூடு கூடுகிறது. தண்ணீரும் கூடுதலாகச் செலவாகிறது. கோடையில் இவை இரண்டும் கோழிக்குப் பாரம்.

அளவைப் போலவே தரமும் முக்கியம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் பல சிறு பொருட்கள் சேர்ந்தது. கொட்டில் வேய்வதை எண்ணிக்கொள்ளுங்கள். தடி, கிடுகு, கயிறு மூன்றும் வேண்டும். கயிறு முடிந்துவிட்டால் எவ்வளவு கிடுகு இருந்தாலும் கூரை ஏறாது. குஞ்சுத் தீனில் பெரும்பாலும் முதலில் முடிந்துபோகும் கயிறுகள் இரண்டு: ஒன்று லைசின், மற்றது மெதியோனின். எள்ளில் மெதியோனின் நிறைய உண்டு, லைசின் குறைவு. பயறு, கௌபி, சோயா ஆகியவற்றில் லைசின் நிறைய உண்டு, மெதியோனின் குறைவு. மீனில் இரண்டும் உண்டு. எனவே ஒரே பொருளை நிறையப் போடுவதைவிட இரண்டு மூன்றைச் சிறிது சிறிதாகக் கலந்து போடுவது குறைந்த செலவில் கூடுதல் பலன் தரும்.

யாருக்கு முதலில்?

புரதமுள்ள பொருட்கள் வீட்டில் குறைவாகவே இருக்கும். அதைக் கோழி எல்லாவற்றுக்கும் எறிந்தால் சேவலும் பெரிய பேடுகளும் ஒரு நிமிடத்தில் தின்று முடித்துவிடும். குஞ்சுக்கு மண்தான் மிஞ்சும். வளர்ந்த கோழி தூரம் போய்த் தேடக்கூடியது, கிளறவும் வல்லது. குஞ்சுக்கு அந்தக் கால் இல்லை. ஆகவே முதல் எட்டு வாரக் குஞ்சுகளுக்கே முதலிடம். அடுத்ததாக முட்டையிடும் பேடு. சேவலுக்கு மிச்சம் போதும்.

கணக்கும் இதற்கு இடம் கொடுக்கிறது. வெளியிலும் மேயும் ஊர்க்கோழிக் குஞ்சு ஒன்றுக்கு எட்டு வாரத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ கலவைத் தீன் போதும். பத்துக் குஞ்சுக்குப் பத்துக் கிலோ. அதில் கருவாட்டுத் தூள் ஒரு கிலோதான்.

பிள்ளையின் கோப்பையிலிருந்து எடுக்காமல்

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். வீட்டில் பிள்ளைகள் உண்ணும் நெத்தலியையும் பயறையும் எடுத்துக் கோழிக்குப் போடும்படி நாம் சொல்லவில்லை. பிள்ளைக்கும் புரதம் வேண்டும். அதுவும் குஞ்சைப் போல வளரும் வயதில்தான். மனிதர் உண்ணாதவற்றையும் வீணாகப் போவனவற்றையும் குஞ்சுக்குத் திருப்புவதே நமது வழி.

மீன் கழிவு: தலை, குடல், செதில். சந்தையில் மீன் வெட்டுபவரிடம் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார். அன்றே கொண்டுவந்து இருபது நிமிடம் அவித்து, வெயிலில் முறுகக் காயவைத்து, உரலில் இடித்து, மூடியுள்ள பேணியில் வைக்கவும். உடைந்த கருவாட்டுத் தூளும் நல்லது. உப்புக் கருவாடாயின் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி மீண்டும் காயவைக்கவும். உப்புக் கூடினால், முக்கியமாகத் தண்ணீர் குறைந்த நாளில், குஞ்சு செத்துவிடும்.

பிண்ணாக்கு: எள்ளுப் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு புரதம் உண்டு. தேங்காய்ப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 20. தேங்காய்ப் பிண்ணாக்கில் நார் அதிகமாதலால் குஞ்சுக்கு அளவோடு கொடுக்கவேண்டும்.

முருங்கை இலை: காய்ந்த இலையில் நாலில் ஒரு பங்கு புரதம். நிழலில் உலர்த்தினால் பச்சை நிறமும் சத்தும் நிற்கும். கோடையிலும் தளிர்ப்பதால் வறண்ட காணிக்கு இதைவிட உகந்த மரம் இல்லை. மாரி தொடங்கும்போது வேலியோரம் பத்துத் தடி நட்டுவிடுங்கள்.

இப்பில் இப்பில் இலை: இதிலும் புரதம் நிறைய. ஆனால் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. காயவைத்த தூளை நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் வளர்ச்சி குன்றும்.

வண்டு குத்திய பயறு, கௌபி: விதைக்கும் சமையலுக்கும் உதவாதவற்றை அவித்து அல்லது வறுத்து இடித்துக் கொடுக்கலாம். சோயாவை ஒருபோதும் பச்சையாகக் கொடுக்கக்கூடாது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உள்ளது. நன்றாக வறுத்தால் அது அழிந்துவிடும்.

கறையான்: காசு எதுவும் செலவில்லாத புரதம் இது. மேற்கு ஆபிரிக்காவில் தோகோ, புர்க்கினா பாசோ போன்ற வறண்ட நாடுகளின் கிராமத்தவர்கள் இதற்கென ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பழைய மண்பானை ஒன்றில் நனைத்த வைக்கல், காய்ந்த சாணம், சோளத்தட்டை ஆகியவற்றை நிரப்பி, கறையான் ஓடும் நிலத்தில் கவிழ்த்து வைக்கிறார்கள். வெயில் படாமல் மேலே மூடி, ஈரம் காயாமல் பார்க்கிறார்கள். ஈரத்தையும் தீனையும் தேடிக் கறையான் பானைக்குள் ஏறுகிறது. மறுநாள் காலையில் பானையைத் தூக்கிக் குஞ்சுகளின் முன்னால் தட்டிவிடுகிறார்கள். நமது மண்ணிலும் இதைச் செய்யலாம். வீட்டுக் கப்பிலிருந்தும் கூரை மரத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். புற்றைக் கையால் கிளறாதீர்கள், பாம்பு இருக்கும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத காணிக்குள் கறையானுக்காகவோ விறகுக்காகவோ ஒருபோதும் போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.

எருக்கும்பி: மாடு இல்லாவிட்டாலும் அயலில் ஒரு கூடை எரு கேட்டு வாங்கலாம். குப்பை, காய்ந்த இலை, வைக்கல் ஆகியவற்றோடு கலந்து, நிழலான மூலையில் குவித்து, முகம் கழுவிய தண்ணீரை அதன்மேல் ஊற்றி வாருங்கள். சில நாட்களில் அதற்குள் புழு பூச்சி சேரும். ஊரில் விட்டு வந்த மேய்ச்சல் நிலத்தில் ஒரு துண்டு இப்படித் திரும்பக் கிடைக்கும். செத்த மிருகங்களை மட்டும் அதில் போடவேண்டாம். அழுகிய உடலில் உண்டாகும் புழுவைத் தின்ற கோழி கழுத்து விழுந்து இறப்பதுண்டு.

ஒரு கிலோ குஞ்சுத் தீன்

அரிசிக் குறுணல் அல்லது உடைத்த சோளம் - 450 கிராம்
அரிசித் தவிடு - 150 கிராம்
தேங்காய்ப் பிண்ணாக்கு - 150 கிராம்
எள்ளுப் பிண்ணாக்கு - 100 கிராம்
கருவாட்டுத் தூள் - 100 கிராம்
முருங்கை இலைத் தூள் - 50 கிராம்

இக்கலவையில் நூற்றுக்கு 18 முதல் 19 பங்கு புரதம் இருக்கும். கருவாடு சேர்ப்பதால் வேறு உப்பு வேண்டாம். மீன் கிடைக்காத இடத்தில் வறுத்து இடித்த சோயா 150 கிராம் சேர்த்து, குறுணலை 400 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது மட்டும் அரைத் தேக்கரண்டி உப்பும், நன்கு பொடித்த சிப்பித்தூள் 10 கிராமும் சேர்க்கவும். தராசு இல்லாதவர்கள் ஒருமுறை கடையில் நிறுத்து, ஒவ்வொரு பொருளும் பேணியில் எந்த உயரம் வரை வருகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கவும். தவிடும் பிண்ணாக்கும் வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும்.

எட்டு வாரம் கழிந்ததும் கருவாட்டைப் பாதியாகக் குறைக்கலாம். அதன்பின் குஞ்சு தானே தேடித் தின்னப் பழகிவிடும்.

கடைத்தீன் வாங்கக்கூடியவர்கள் வாங்கலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது தீன் விலை ஏறியதால் சிறு கோழி வளர்ப்பாளர் பலர் தொழிலைக் கைவிட்டதை மறக்கவேண்டாம். தீனின் ஒரு பங்கையாவது வளவிலிருந்தே எடுக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பயம் குறைவு.

கொடுக்கும் முறை

குஞ்சு மட்டும் நுழையக்கூடிய அடைப்பு ஒன்று செய்யுங்கள். இரண்டு அங்குல இடைவெளி விட்டுத் தடிகளை வட்டமாக நட்டு, மேலே ஓலை போட்டால் போதும். பழைய கரப்பு ஒன்றின் அடியில் வாசல் வெட்டியும் செய்யலாம். தீன் உள்ளே இருக்கட்டும். தாய்க்கோழி வெளியே காவல் நிற்கும். காகத்திடமிருந்தும் பருந்திடமிருந்தும் இது குஞ்சைக் காக்கும்.

விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் தீன் வையுங்கள். நண்பகலில் வைத்தால் குஞ்சு தின்னாது. சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுத்தால் தூள் பறக்காது, விரும்பித் தின்னும். ஆனால் ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். வெப்பத்தில் அது புளித்துவிடும்.

தண்ணீர் இல்லாமல் எந்தத் தீனும் பயன் தராது. கோழி தின்பதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயிலில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். மண் சட்டியில் ஊற்றி நிழலில் வையுங்கள். சட்டிக்குள் சில கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு விழுந்து அமிழாது. தண்ணீர் அளந்து வாங்கும் வீட்டிலும் பத்துக் குஞ்சுக்கு ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணீர் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை, சோளத்தை, கச்சானைக் கோழிக்குப் போடாதீர்கள். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இனந்தெரியாத நோயால் இறந்தன. பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. அந்த நஞ்சுக்கு அஃபிளாடொக்சின் என்று பெயர். வெயிலில் காயவைத்தாலும் சமையற்சூட்டில் வறுத்தாலும் அது முற்றாக அழியாது. "கோழிக்குத்தானே" என்ற எண்ணம் வேண்டாம்.

அடுத்தது, புரதம் நோய்த் தடுப்பு மருந்துக்கு ஈடாகாது. இராணிக்கெட் நோய் வந்தால் கொழுத்த கோழியும் மெலிந்த கோழியும் ஒன்றாகவே விழும். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஒரு புட்டி மருந்து பல கோழிகளுக்குப் போதுமாதலால், நாலைந்து வீட்டார் சேர்ந்து போவது நல்லது.

மீண்டும் அந்த முற்றத்தில்

மறு ஆண்டு ஆனியில் அந்த அம்மாவின் கோழி மீண்டும் அடைக்கு இருந்தது. இம்முறை அவர் அடைப்புக் கட்டி, மீன் தலை இடித்து, முருங்கை இலை உலர்த்தி ஆயத்தமாக இருந்தார். பத்துக் குஞ்சு பொரித்தது. எட்டாவது வாரத்தில் ஏழு இருந்தன. ஒன்றைக் கீரி பிடித்தது. இரண்டு முதல் வாரத்திலேயே இறந்தன. எல்லாக் குஞ்சும் பிழைத்தது என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆனால் அந்த ஏழும் முதுகு மூடிய இறகோடு, தாயின் பின்னால் ஓடாமல் தாமே கிளறித் திரிந்தன.

பின்னர் பேடுகள் முட்டையிடத் தொடங்கியபோது முட்டையை விற்பதா, வீட்டில் எடுப்பதா என்று அவர் எங்களைக் கேட்டார். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் நல்ல புரதம் இருக்கிறது. மீன் தலையும் கறையானும் முருங்கை இலையும் பிள்ளை உண்ணக்கூடிய உணவாக மாறி வருவது அந்த முட்டையில்தான். "மூன்றை வில்லுங்கோ அம்மா, நாலாவதைப் பிள்ளைக்கு அவியுங்கோ" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "ரெண்டுக்கு ஒண்டு வைக்கிறன், ஐயா. எனக்குப் பிள்ளையள் மூண்டு" என்றார். அவர் கணக்கே சரியான கணக்கு.

கோழி அடைக்கு இருந்து குஞ்சு பொரிக்க 21 நாள் எடுக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகு தீனுக்கு அலையவேண்டாம். அடை வைக்கும் அன்றே முருங்கைக் கொப்பை முறித்து நிழலில் தொங்கவிடுங்கள். அந்தக் கிழமையே மீன் தலை சேர்க்கத் தொடங்குங்கள். எருவைக் குவித்துத் தண்ணீர் தெளியுங்கள். இருபதாம் நாள் மாலை கறையான் பானையைக் கவிழ்த்து வையுங்கள்.